காப்பீட்டு அட்டைக்கு வெளியே கரையும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் காப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டும் என்ற கோரிக்கையே முதலில் வந்து நிற்கிறது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களின் கையிலிருந்து பணம் எந்த வழியாகப் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், தொகையை உயர்த்துவதால் மட்டும் பெரிதாக ஒன்றும் மாறாது என்பது விளங்கும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை, டாக்டர் பீஸ், பஸ் செலவு, அன்றைக்குப் போன கூலி ஆகிய எதற்கும் அந்த அட்டையை நீட்ட முடியாது.

ஒன்றிய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கறிக்கையின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காட்டை மக்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. இறங்கியது நல்ல செய்திதான். ஆனாலும் நூறு ரூபாய் மருத்துவச் செலவில் ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னும் நோயாளியின் மடியிலிருந்துதான் போகிறது. அந்த நாற்பதில் பெரும்பகுதி மருந்துக் கடையில் இறங்குகிறது. நாடு முழுவதும் எல்லோருக்கும் எட்டும் மருத்துவம் வேண்டுமென்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு எளிய கணக்கு. சுகரும் பிரஷரும் உள்ள ஒருவர் நாளைக்கு நான்கு மாத்திரை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,460 மாத்திரை. ஒரே மருந்துதான், கம்பெனி மட்டும் வேறு. மாத்திரைக்கு ஐந்து ரூபாய் கூடினால் ஆண்டுக்கு 7,300 ரூபாய் கூடுகிறது. பீடி சுற்றிப் பிழைக்கும் வீட்டுக்கும், தோல் தொழிற்சாலைக் கூலிக்கும் அது தாங்காது. தாங்காதபோது மக்கள் செய்வது எப்போதும் ஒன்றே: இரண்டு வேளையை ஒரு வேளை ஆக்குவார்கள், மாதக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். உடம்பில் வலி இல்லாததால் நிறுத்தியது தெரியாது. சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரியவரும். பிறகு வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ் என்றால் ஆண்டுக்கு 104, மூன்று என்றால் 156. ஒவ்வொன்றும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். டயாலிசிஸ் காப்பீட்டில் இலவசம்தான். ஆனால் வேலைக்குப் போக முடியாத உடம்புக்கும், கூட வரும் மனைவியின் கூலிக்கும் யார் ஈடு கொடுப்பது? மலிவான மாத்திரையைத் தவறாமல் கொடுத்திருந்தால் இந்தச் செலவின் பெரும்பகுதி அரசுக்கும் வந்திருக்காது, குடும்பத்துக்கும் வந்திருக்காது.

தமிழ்நாட்டிடம் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. 1994இல் தொடங்கிய, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கொள்முதல் முறையைப் பிற்பாடு கேரளமும் ராஜஸ்தானும் பார்த்து எடுத்துக்கொண்டன. டெண்டர் இரண்டு உறைகளில் வரும். முதல் உறையில் நிறுவனத்தின் தகுதி: உற்பத்தித் தரச் சான்று, விற்றுமுதல், அந்த மருந்தைச் சில ஆண்டுகளாகத் தயாரித்து விற்ற அனுபவம். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே திறப்பார்கள். மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக வாங்குவதால் விலை அடிமட்டத்துக்கு வரும். சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, நிறுவனத்தின் பெயரை மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு; ஆண்டு ஒதுக்கீட்டுத் தொகைக்குள் தேவையானதை எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி ஏஜெண்டோ உள்ளூர் வியாபாரியோ நடுவில் நுழைய இடம் இல்லாத ஏற்பாடு இது.

அப்படியிருந்தும் மருந்துக்கு ஏன் தட்டுப்பாடு வருகிறது? தேவைப் பட்டியலைப் போன ஆண்டு செலவான மருந்தின் அளவை வைத்துப் போடுவதுதான் முதல் காரணம். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய பிறகு வீடு வீடாகப் பரிசோதித்ததில் புதிய நோயாளிகள் ஏராளமாகப் பதிவேட்டில் சேர்ந்தார்கள். ஆள் கூடியும் மருந்துத் தேவைப் பட்டியல் பழைய கணக்கிலேயே நின்றால் மாதத்தின் மூன்றாவது வாரத்தில் சுகருக்கான மெட்ஃபார்மின் பெட்டி காலியாகும். இன்னொன்று, போன ஆண்டு மூன்று மாதம் இருப்பே இல்லாமல் இருந்த மருந்துக்குச் செலவு குறைவாகத்தான் பதிவாகியிருக்கும். அதையே அடிப்படையாக வைத்தால் இந்த ஆண்டும் குறைவாகவே வரும். தட்டுப்பாடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. தீர்வு கடினமில்லை. பதிவேட்டில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கையை ஒவ்வொருவருக்கும் எழுதிய அளவால் பெருக்கி, அதன்மேல் ஒன்றரை மாத இருப்பைக் கூட்டிப் பட்டியல் போட வேண்டும். கணினியில் இந்தத் தரவுகள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன.

இருப்பு குறையும்போது 30 நாளைக்குத் தர வேண்டியதை 15 நாளைக்கோ 10 நாளைக்கோ தருகிறார்கள். பார்வைக்கு இது பங்கிட்டுக் கொடுப்பதுபோல் தெரியும். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்தோ பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்தோ வரும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் போக வேண்டிய கூலி இரண்டு நாள், மூன்று நாள் போகிறது. இலவச மாத்திரையை வாங்க ஒரு நாள் கூலியை இழப்பதைவிடக் கடையில் காசு கொடுத்து வாங்குவதே லாபம் என்று அவர் முடிவு செய்தால் அவர்மேல் குற்றமில்லை. நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு மாதத்துக்கான மருந்தை ஒரே தடவையில் கொடுக்கலாம். கட்டுக்குள் இல்லாதவரை மட்டும் மாதம் ஒருமுறை வரச் சொன்னால் போதும். வரிசையும் பாதியாகக் குறையும், மருத்துவருக்கும் பார்க்க நேரம் கிடைக்கும்.

"கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. இதை அறியாமை என்று தள்ளிவிடுவது தவறு. டெண்டர் மாறும்போது கம்பெனி மாறுகிறது. வெள்ளையாக, வட்டமாக இருந்த மாத்திரை அடுத்த தடவை மஞ்சளாக, நீளமாக வருகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மா நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் மாத்திரையை அடையாளம் காண்கிறார். நிறம் மாறினால் அவருக்கு அது வேறு மாத்திரை. சிலர் போடாமல் விடுகிறார்கள். அதைவிட ஆபத்து, பழைய அட்டையில் மீதி இருப்பதையும் புதியதையும் சேர்த்துப் போடுவது. தனியாரிடம் வாங்கிய கிளிமிபிரைடும் சுகாதார நிலையத்தில் கொடுத்த கிளிமிபிரைடும் இரண்டும் ஒன்று என்று தெரியாமல் போட்டு, ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி மயங்கி விழுவது இப்படித்தான். மாத்திரை உறையின்மேல் தமிழில் மருந்தின் பெயர், எந்த நோய்க்கு, காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா என்று படம் போட்ட ஒட்டுத்தாள் ஒன்று போதும். நிறம் மாறும்போது, "இது அதே மாத்திரைதான், கம்பெனி மட்டும் மாறியிருக்கிறது, பழையதை முடித்த பிறகு இதைத் தொடங்குங்கள்" என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சொல்ல மருந்தாளுநர் இருக்க வேண்டும். மருந்தாளுநர் பணியிடம் காலியாக இருக்கும் நிலையத்தில் செவிலியர்தான் மாத்திரையை எண்ணித் தருகிறார். ஊசி போடுவதா, பிரசவம் பார்ப்பதா, இதை விளக்குவதா?

இன்சுலினில் நடக்கும் பிழை இதைவிடக் கொடியது. செலவைக் குறைக்கத் தனியாரிடமிருந்து அரசு நிலையத்துக்கு மாறும்போதுதான் அது பெரும்பாலும் நேர்கிறது. அரசு குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட். தனியாரில் பேனா வகை ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், "கவர்மென்ட் இன்சுலின் வேலை செய்யாது" என்ற பேச்சும் கூடவே ஏறும். மறுபக்கம், 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து. குப்பியோடு அதற்குரிய சிரிஞ்சையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், சிரிஞ்சு இருப்பு இல்லாவிட்டால் குப்பியை மட்டும் கொடுத்தனுப்பக் கூடாது. வீட்டில் பிரிட்ஜ் இல்லாதவர்கள் மண்பானையில் ஈர மணல் நிரப்பி, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி அதில் வைக்கலாம். உறைபெட்டியில் மட்டும் வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

சேமிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர்க் கோடை 40 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் 30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும் என்று அச்சிட்டிருக்கும். கிடங்கில் பரிசோதித்துத் தேறிய மருந்தே ஆனாலும், மின்விசிறி இல்லாத துணை சுகாதார நிலையத்தின் அலமாரியில் ஏப்ரல், மே இரண்டு மாதம் வெந்தால் அதன் வீரியத்துக்கு யார் பொறுப்பு? ஒரு வெப்பமானி, ஒரு பதிவேடு, வெயில் படாத அறை. இவ்வளவுதான் தேவை.

அடுத்தது பரிசோதனை. சர்க்கரை நோயாளிக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி ஆண்டுக்கு இரண்டு தடவையாவது, கட்டுக்குள் இல்லாதவருக்கு நான்கு தடவை. ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், கண்ணின் விழித்திரை, பாதத்தில் உணர்ச்சி. இவற்றில் விரல் நுனிச் சர்க்கரை மட்டும் எளிதாகக் கிடைக்கிறது. மற்றவற்றுக்கு "வெளியே எடுத்துட்டு வாங்க" என்று சீட்டு எழுதும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்தச் சீட்டோடு இலவச மருத்துவம் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் பெரிய கருவி வைக்கத் தேவையில்லை. துணை நிலையத்தில் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வட்டார நிலையத்துக்கு இரு சக்கர வண்டியில் அனுப்பி, முடிவைக் கைப்பேசிக்கு அனுப்பலாம். இதில் கெடுவது எப்போதும் ஒரே இடம்: கருவி வாங்கப் பணம் வருகிறது, அதில் ஊற்றும் ரீஏஜெண்ட் என்ற சோதனைத் திரவத்துக்கும் பராமரிப்புக்கும் வருவதில்லை. கருவி துணி போர்த்தி மூலையில் நிற்கிறது. கருவியைச் சொந்தமாக வாங்குவதைவிட, ரீஏஜெண்ட், பழுது எல்லாம் சேர்த்து, தந்த முடிவுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் போடுவது மேல். முடிவு வராவிட்டால் பணமும் கிடையாது.

இனி வெளிக் கடை. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை 2013இன்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்ச விலை உண்டு. அந்த விலையை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் சிக்கல். சந்தையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள கம்பெனிகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 விழுக்காடு சேர்க்கிறார்கள். ஏற்கெனவே ஏற்றி விற்ற விலைகளின் சராசரி என்பது ஏறிய விலையாகத்தானே இருக்கும்? 1995 ஆணையில் உற்பத்திச் செலவை அடிப்படையாக வைத்து விலை போட்டார்கள். அத்தியாவசிய மருந்துகளுக்காவது அந்த முறைக்குத் திரும்ப வேண்டும். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்ச விலையே கிடையாது. ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை ஏற்றிக்கொள்ளலாம். எட்டு ஆண்டில் விலை இரட்டிப்பாகப் போதுமான வழி அது.

விலைக் கட்டுப்பாடு பலன் தராது என்று சொல்பவர்களுக்கு, இதயத்தின் ரத்தக் குழாய் அடைப்புக்கு உள்ளே வைக்கும் ஸ்டென்ட் பதில். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய இதய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய், சாதா ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய் என்று உச்ச விலை வைத்தார்கள். அதற்கு முன் மருந்து பூசியது ஒரு லட்சத்துக்கு மேலும் விற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உலோகத்துக்கும் உச்ச விலை வந்தது. புற்றுநோய் மருந்து சோராஃபெனிப்பை 2012இல் கட்டாய உரிமத்தின் கீழ், அதாவது காப்புரிமை வைத்திருந்த கம்பெனியின் சம்மதம் இல்லாமலே, ஓர் இந்திய நிறுவனம் தயாரிக்க அரசு அனுமதித்தபோது, மாதத்துக்கு ஏறக்குறைய 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாயாக இறங்கியது. சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வழியில் வேறு எந்த மருந்துக்கும் உரிமம் தராதது வருத்தத்துக்குரியது.

கம்பெனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் (உள்ளே இருக்கும் மருந்துப் பொருளின் பெயரில்) மலிவாக விற்கும் ஜெனரிக் கடைகள் பெருகியிருக்கின்றன. ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகம் 2008இலிருந்து உண்டு; 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது. ஆனால் நோயாளி அங்கே போய்ச் சீட்டை நீட்டினால், "இந்தப் பெயரில் இல்லை" என்ற பதில்தான் வருகிறது. கடைக்காரர் முரண்டு பிடிப்பதாக நினைக்கக் கூடாது. சீட்டில் எழுதிய கம்பெனிப் பெயருக்குப் பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்க மருந்து, அழகுசாதனப் பொருள் விதி 65 அவரை அனுமதிப்பதில்லை. மருத்துவர் மருந்தின் மூலப்பெயரை எழுதினால்தான் அவர் கொடுக்க முடியும். மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் விதி 2016இலேயே சொல்லிவிட்டது. ஆகவே சீட்டு எழுதும் இடத்திலேயே, "டாக்டர், மூலப்பெயரும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. இன்னொரு எச்சரிக்கை: சாதாரணக் கடையில் ஜெனரிக் என்று சொல்லி விற்கும் சில மருந்துகளின் அட்டையில் பிராண்டு மருந்தின் விலையே அச்சாகியிருக்கும். கடைக்கு வந்த விலை மிகக் குறைவு. இடைவெளி கடைக்காரருக்கே போகிறது. அட்டையைத் திருப்பி விலையைப் பார்த்து, பக்கத்து அரசு மருந்தகத்து விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு அது இல்லாவிட்டால் நிலத்தை விற்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை உண்டு. மேல்மொணவூர் போன்ற முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்லை. குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் பதிய வேண்டும். கட்டணம் இல்லை. பெரும்பாலும் இது நோய் வந்த பிறகுதான் நடக்கிறது. அங்கேதான் எல்லாக் கோளாறும். மருமகளின் பெயர் பிறந்த வீட்டுக் குடும்ப அட்டையிலிருந்து நீங்கி, புகுந்த வீட்டில் சேராமல் நடுவில் நிற்கும். ஆதாரில் ஒரு எழுத்து, குடும்ப அட்டையில் ஒரு எழுத்து. தனிக்குடித்தனம் போன மகனின் அட்டையில் தாய் பெயர் இருக்காது. நெஞ்சு வலியோடு அப்பாவை வைத்துக்கொண்டு மகன் விஏஓ அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் ஓடும் ஓட்டம் யாருக்கும் வரக் கூடாது. இந்த வாரமே குடும்ப அட்டையையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது மூன்றைக் கேட்க வேண்டும். இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதி உண்டா? (திட்டத்தில் சேர்ந்த எல்லா ஆஸ்பத்திரியும் எல்லாப் பிரிவுக்கும் சேர்ந்தவை அல்ல.) முன் அனுமதி வந்துவிட்டதா? அனுமதித்த தொகை எவ்வளவு? அந்தத் தொகைக்குள் படுக்கை, மருந்து, பரிசோதனை, உடம்பில் பொருத்தும் பொருள் எல்லாம் அடக்கம். அதற்கு மேல் "நல்ல கம்பெனி ஸ்டென்ட்" என்றோ "மருந்து வெளியே வாங்குங்கள்" என்றோ பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்பவர்கள் ரசீது என்றதும் பின்வாங்குவது உண்டு. அரசு ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் தள்ளுவண்டிக்கும், பிறந்த குழந்தையைக் கையில் கொடுப்பதற்கும் காசு வாங்கும் பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரசவத்துக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் அரசு உதவி தரும் தாயிடமே அதைப் பிடுங்குவது மன்னிக்க முடியாதது.

சாலை விபத்துக்கு இவ்வளவு அலைய வேண்டாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை வருமான வரம்பு பாராமல், அட்டை கேட்காமல் இலவசம். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் வாழும் நம் மக்கள் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

தொழிலாளிகளின் பக்கம் வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல், காலணித் தொழிற்சாலைகளில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. தொழிலாளி 0.75 விழுக்காடு, முதலாளி 3.25 விழுக்காடு, 12,000 ரூபாய் சம்பளத்துக்கு 90 ரூபாயும் 390 ரூபாயும். இந்தச் சிறு தொகைக்கு வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, குடும்பத்துக்குச் சிகிச்சை, நோய்வாய்ப்பட்டால் 91 நாள் வரை 70 விழுக்காடு கூலி. வெளிநோயாளிக்கும் இழந்த கூலிக்கும் சேர்த்துத் தரும் திட்டம் நாட்டில் இதைப்போல் வேறு அரிது. ஆனால் ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வருபவரைப் பதிவதில்லை. பதிந்தாலும் ஆறு மாதக் கணக்கில் 78 நாள் பங்களிப்பு காட்டாவிட்டால் கூலி உதவி கிடைக்காது. 21,000 என்ற வரம்பு 2017இலிருந்து அசையவில்லை. சம்பளம் சற்றே உயர்ந்தால் பாதுகாப்பு போய்விடுகிறது. வீட்டில் காலணியின் மேற்பகுதி தைத்துக் கொடுக்கும் பெண்கள் கணக்கிலேயே இல்லை. குடியாத்தம் பக்கத்துப் பீடித் தொழிலாளருக்கு நல நிதி இருந்தது. அதற்குப் பணம் தந்த பீடித் தீர்வை 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது நீக்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்பவரையும் இஎஸ்ஐக்குள் கொண்டுவந்து, முதலாளி பங்கை வேலை கொடுக்கும் நிறுவனத்திடமும், அது முடியாதபோது அரசிடமும் வசூலிக்க வேண்டும்.

மலையில் கதையே வேறு. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை, பலாம்பட்டு ஊராட்சிகளின் குக்கிராமங்களுக்கு மருந்து இலவசமா இல்லையா என்பதைவிட, போய்ச் சேர முடியுமா என்பதே கேள்வி. 2023இல் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை இறந்ததையும், சாலை இல்லாமல் உடலைத் தாய் சுமந்து போனதையும் நாடே பார்த்தது. அடிவாரத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து எந்நேரமும் இருக்க வேண்டும். தொடக்க அளவே 8 முதல் 10 குப்பி. இரண்டு குப்பி இருப்பு வைத்துவிட்டு இருக்கிறது என்று எழுதுவது பொய்க் கணக்கு. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியைக் கண்டறியப் பெரிய கூடம் வேண்டாம்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறையவில்லை என்றால் மருந்து தொடங்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை தவறான முடிவைத் தரும். பத்து ரூபாய்க் கண்ணாடிக் குழாய் இல்லாததால் நேரம் போகக் கூடாது.

நடுத்தரக் குடும்பங்கள் சொந்தமாக எடுக்கும் பாலிசி பற்றிச் சுருக்கமாக. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. வாங்கும்போது அறை வாடகை வரம்பை முதலில் பாருங்கள்: ஐந்து லட்சம் பாலிசியில் ஒரு விழுக்காடு என்றால் நாளுக்கு 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறையில் தங்கினால் வாடகையில் மட்டுமல்லாமல் டாக்டர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியை வெட்டுவார்கள். சுகர், பிரஷர் இருப்பதை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள். பணம் கேட்கும் நாளில் அதுவே காரணமாகும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் மருத்துவச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்றது. 2021-22இல் அது 1.84 விழுக்காடுதான். அந்த இடைவெளிதான் பணம். அதை எங்கே போடுவது என்பதில் தாய்லாந்து 2002இல் எடுத்த முடிவைப் பார்க்கலாம். ஒரு தடவை வந்தால் 30 பாட் என்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், வெளிநோயாளிச் சிகிச்சைக்கான தொகையை உள்ளூர் மருத்துவமனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று முன்னதாகவே கொடுத்தார்கள். ஆள் படுத்தால் பணம் என்ற ஏற்பாட்டில் படுக்க வைப்பதே லாபம். தலைக்கு இவ்வளவு என்றால் படுக்காமல் பார்த்துக்கொள்வது லாபம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பதிந்த மக்களின் எண்ணிக்கைப்படி பணம் போக வேண்டும்.

நாட்டின் நிலையைப் பார்க்க டெல்லிக்குப் போகத் தேவையில்லை. காட்பாடி ரயில் நிலையத்தில் நின்றால் போதும். கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் கைப்பையும் ஸ்கேன் உறையுமாகக் குடும்பங்கள் இறங்குகின்றன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சிஎம்சியில் சீட்டு போடுவதற்கு முன்பே டிக்கெட், விடுதி வாடகை, சாப்பாடு என்று அவர்களின் சேமிப்பு கரைகிறது. அதே சிஎம்சி, குறைந்த செலவில் குடும்ப மருத்துவர் முறையில் பார்க்கும் பிரிவை வேலூரில் நடத்துகிறது, கே.வி.குப்பத்தில் 1977இலிருந்து ருஹ்சா என்ற அதன் கிராம மருத்துவப் பிரிவு கிராமங்களுக்கே போய் மருத்துவம் பார்க்கிறது. தேவையற்ற ஸ்கேனைத் தவிர்த்து, கையால் தொட்டுப் பார்த்து, மலிவான மருந்தில் தொடங்கி, தேவையானவரை மட்டும் மேலே அனுப்பும் முறை இங்கேயே கண்ணெதிரில் இருக்கிறது. அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரியும் பென்ட்லேண்ட் மருத்துவமனையும் தங்கள் வெளிநோயாளிப் பிரிவில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

மாவட்ட நிர்வாகங்களிடம் ஒரு வேண்டுகோள். நம் மாநிலத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அந்த ஊருக்குரிய ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து இருப்பை, குறைந்தது சுகர், பிரஷர், வலிப்பு, ஆஸ்துமா, பாம்புக்கடி, நாய்க்கடி ஆகிய ஆறுக்கும், மருந்தாளுநர் எழுதிக் கையெழுத்திட்டுச் சபையில் வாசிக்க வைக்க வேண்டும். கடந்த இரண்டு மாதத்தில் எத்தனை நாள் எந்த மருந்து இல்லை, எத்தனை பேருக்கு 30 நாளுக்குக் குறைவாகக் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் பரிசோதனைக்கு வெளியே அனுப்பப்பட்டனர் என்ற மூன்று எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும். அக்டோபர் 2 கூட்டத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருந்தாளுநர்,
காட்பாடி.